பறித்த கையோடு கொப்பரைக்கு

ஆகஸ்ட் கடைசி வாரம் தொடங்கிச் செப்டம்பர் முடியும்வரை, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து யகிமா பள்ளத்தாக்கில் ராப்பகல் பேதம் கிடையாது. பதினெட்டு அடி உயரக் கம்பிப் பந்தலில் ஏறிக் கொத்துக்கொத்தாகப் பூத்துத் தொங்கும் ஹாப்ஸ் கொடிகளை ஒரு வண்டி அடியில் அறுத்துக்கொண்டு போகும். பின்னால் வரும் இன்னொரு வண்டி உச்சியில் அறுக்கும். கொடி, ஏறிவந்த கயிற்றோடு சேர்ந்து லாரிக்குள் சரியும். லாரி நேரே பண்ணைக் கொட்டகைக்குப் போகும். அங்கே கொடிகளைக் கொக்கியில் தலைகீழாக மாட்டி இழுக்கிற இயந்திரம், கம்பி விரல்களால் பூவையும் இலையையும் உருவிப் போடும். சரிவாக ஓடும் பட்டைகளில் இலை ஒரு பக்கமும் பூ ஒரு பக்கமுமாகப் பிரியும். பூ முழுக்க அடுத்த கட்டடத்து உலர்கூடத்துக்குப் போய்விடும். அமெரிக்க ஹாப்ஸ் விளைச்சலில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த ஒரு மாநிலத்தில்தான். இந்த ஒழுங்கான ஓட்டத்தில் ஒரு சிறு கிளை மட்டும் விலகிப் போகிறது. உலர்கூடத்தின் வாசலுக்கு முன்பாகவே பீர் ஆலைகளிலிருந்து வந்த வண்டிகள் சில காத்து நிற்கின்றன. பூவைப் பச்சையாகவே மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு பறக்கின்றன. அது அன்றைக்கே, மிஞ்சிப்போனால் மறுநாளுக்குள், கொப்பரையில் விழுந்தாக வேண்டும். இலையுதிர்காலத்தில் சில வாரங்களுக்கு மட்டும் தலைகாட்டும் ‘பச்சை ஹாப்ஸ் பீர்’ இப்படித்தான் பிறக்கிறது.

பீர் குடிப்பவர்களிலேயே பலருக்கு ஹாப்ஸ் எப்படி இருக்கும் என்று தெரியாது. கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி இது, போதை கிடையாது. வேர் பல ஆண்டு உயிரோடிருக்க, வசந்தத்தில் துளிர்த்து, வளர்ச்சி முறுகும் நாட்களில் ஒரே நாளில் ஒரு சாண் வரை ஏறும். பெண் கொடியின் பூதான் வேண்டும். கட்டைவிரல் அளவு, வெளிர்பச்சை நிறம், மெல்லிய காகிதம் போன்ற செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கூம்பு. கையில் எடுத்தால் எடையே தெரியாது. நடுவே பிளந்து பார்த்தால், செதில்களின் அடியில் தண்டை ஒட்டி மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கும். அதற்கு லூப்புலின் என்று பெயர். பொடிபோலத் தெரிந்தாலும் பிசின். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் பிசுபிசுவென்று ஒட்டும். ஆரஞ்சுத் தோல், பைன் மரம், அறுத்த புல் எனக் கலவையான மணம் எழும். அறுவடை பிந்திய சில ரகங்களில் பூண்டு வாடையே வரும். பீரின் கசப்பும் மணமும் இந்தப் பொடியிலிருந்து வருபவை. மற்றதெல்லாம் வெறும் இலை.

பறித்த பூவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். குவித்து வைத்தால் சில மணி நேரத்தில் உள்ளே சூடேறி, பழுப்பேறி, அழுகத் தொடங்கிவிடும். அதனால்தான் உலர்கூடம். ஐம்பது அறுபது டிகிரி வெப்பக் காற்றை எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ கீழிருந்து செலுத்தி, ஈரத்தைப் பத்து விழுக்காடு அளவுக்குக் கொண்டுவருவார்கள். பிறகு ஆறவைத்து, சுமார் தொண்ணூறு கிலோ பொதிகளாக அழுத்திக் கட்டுவார்கள். பொதிகளில் பெரும்பகுதியை அரைத்து, சின்னச் சின்னக் குளிகைகளாக அழுத்தி, காற்றுப் புகாத உறையில் அடைத்துக் குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். கட்டிய பிறகும் சாதுவான சரக்கு அல்ல இது. பொதிக்குள் சூடு கூடினால் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். 2006 அக்டோபர் 2ஆம் தேதி யகிமாவில் ஒரு கிடங்கு எரிந்தபோது, அமெரிக்காவின் அந்த ஆண்டு விளைச்சலில் நூற்றுக்கு நான்கு பங்கு ஒரே நாளில் புகையாகப் போனது. இருந்தாலும், உலர்த்தல் என்ற இந்த ஒரு வேலைதான் செப்டம்பரில் மூன்று நான்கு வாரம் விளைகிற பூவை உலகமெங்கும் பன்னிரண்டு மாதமும் கிடைக்கிற சரக்காக மாற்றுகிறது. அதைத் தவிர்த்துவிட்டுப் பீர் காய்ச்சுவதென்றால் ஆலைக்காரர் தன் வசதியையெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டும். அப்படி விட்டுக்கொடுப்பதில்தான் இந்தப் பீரின் மதிப்பு முழுவதும் இருக்கிறது, சுவை இரண்டாம்பட்சம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஹாப்ஸ் பீருக்குள் வந்த கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் இது விளங்கும். பீர் காய்ச்சுவதோடு ஹாப்ஸைத் தொடர்புபடுத்தும் பழைய எழுத்துச் சான்று, வடக்கு பிரான்சின் கோர்பீ மடத்தில் 822ஆம் ஆண்டு எழுதப்பட்ட விதிமுறைகளில் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் துறவி ஹில்டகார்ட், ஹாப்ஸின் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கும் என்று குறித்துவைத்தார். பிசினில் உள்ள அமிலங்கள் பீரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் பலவற்றைத் தடுக்கும் என்பது பின்னாளில் தெரிந்த விளக்கம். ஹாப்ஸ் சேராத பழைய ஏல் வகைப் பீர் சில நாட்களில் கெட்டுப்போகும். சேர்ந்தது மாதக்கணக்கில் நின்றது, ஊர்விட்டு ஊர் போனது, கடல் தாண்டியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் கம்பெனிக் கப்பல்களில் வந்திறங்கிய பீர், ஹாப்ஸ் தாராளமாகப் போட்டுக் காய்ச்சியது. இன்றைய ஐபிஏ என்ற வகை அந்த வழியில் வந்தது. ஆக, ஹாப்ஸ் பீருக்குக் கொடுத்தது கசப்பு மட்டுமல்ல, ஆயுளும்தான்.

ஆயுள் கூடியும் பருவம் உடனே போய்விடவில்லை. பவேரியாவில் 1553ஆம் ஆண்டு அரசாணை, செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் பீர் காய்ச்சலாம் என்றது. கோடையில் காய்ச்சினால் கெட்டுப்போகிறது என்பது காரணம். மார்ச்சில் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சி, கோடை முழுக்க நிலவறைக் குளிரில் கிடத்தி, இலையுதிர்காலத்தில் திறந்து குடித்த பீர்தான் பின்னால் அக்டோபர் திருவிழாவின் பீர் ஆனது. 1870களில் கார்ல் வான் லிண்டேயின் குளிரூட்டும் இயந்திரம் மியூனிக்கின் ஷ்பாட்டன் ஆலைக்குள் வந்தது. அதோடு நாட்காட்டி பீரின் கையைவிட்டுப் போயிற்று. பாஸ்டர் முறையில் சூடுபடுத்துவது, குளிர்பதனக் கிடங்கு, ஹாப்ஸ் குளிகை, ஹாப்ஸ் சாறு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, இன்று எந்த ஊரிலும் எந்த மாதத்திலும் ஒரே மாதிரி இருப்பதுதான் நல்ல பீரின் இலக்கணம் என்றாகிவிட்டது. இதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஒரே தரத்தைப் பல லட்சம் புட்டிகளில் கொண்டுவருவது சாமானிய வேலையும் அல்ல. ஆனால் நிலத்தில் விளைந்த ஒன்றைக் குடிக்கிறோம் என்ற ஞாபகம் மட்டும் வழியில் எங்கோ நழுவிவிட்டது.

நழுவியதைத் திரும்பப் பிடிக்கும் முயற்சி அண்மைக் காலத்தில் இங்கிலாந்தில் தொடங்கியது. வில்ட்ஷயரின் டிவைசஸ் நகரத்து வாட்வர்த் ஆலை 1992ல் உலர்த்தாத ஹாப்ஸில் ஒரு பருவ ஏல் காய்ச்சியது. இந்தச் செய்தி ஜெரார்ட் லெம்மன்ஸ் என்ற ஹாப்ஸ் வணிகர் வழியாக அமெரிக்கா போனது. கலிபோர்னியாவின் சிகோ நகரில் சியரா நெவாடா ஆலையை நிறுவிய கென் கிராஸ்மன் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். 1996ல் யகிமாவில் பறித்த கஸ்கேட், சென்டெனியல் ரகப் பூக்களை லாரியில் ஏற்றி, சுமார் 900 கிலோமீட்டர் தெற்கே, இரவோடு இரவாகச் சிகோவுக்குக் கொண்டுவந்து ‘ஹார்வெஸ்ட் ஏல்’ காய்ச்சினார்கள். அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் பச்சை ஹாப்ஸ் பீர் அதுதான் என்பது பொதுவான கணக்கு. பீரைக் கெடாமல் வைப்பதற்காகச் சேர்த்த பூவை, சீக்கிரம் வாடிப்போகிற ஒரு பீருக்குக் காரணமாக்கினார்கள். ஆயிரம் ஆண்டு வரலாறு தலைகீழாகத் திரும்பியது என்றால் மிகையல்ல.

ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வழக்கமாக ஆலைக்காரர் மாதக்கணக்குக்கு முன்பே தேதி குறிப்பார். ஹாப்ஸ் கிடங்கிலிருந்து வரும். பச்சை ஹாப்ஸுக்குத் தேதி குறிப்பவர் விவசாயி. அவரும் சுயமாகக் குறிப்பதில்லை. பூ முற்றியிருக்கிறதா, மழை வருமா, அறுவடை இயந்திரம் எந்த வயலில் நிற்கிறது என்பதையெல்லாம் பொறுத்து, “நாளைக் காலை ஏழு மணிக்கு வண்டியோடு வாருங்கள்” என்று ஆலைக்குத் தகவல் போகும். அப்போது மால்ட் என்கிற முளைகட்டிய தானியம் அரைத்துத் தயாராக இருக்க வேண்டும், தொட்டி காலியாக இருக்க வேண்டும், ஆட்கள் இருக்க வேண்டும். உலர்ந்த ஹாப்ஸ் பத்துக் கிலோ போடுகிற இடத்தில், தண்ணீர்க் கனத்தை ஈடுகட்டப் பச்சைப் பூ ஐம்பது கிலோவுக்குக் குறையாமல் வேண்டியிருக்கும். இப்போதைய ஆலைகள் குளிகைக்கு ஏற்றபடி கட்டப்பட்டவை. முழுப் பூவை மூட்டை மூட்டையாகக் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். மால்ட் ஊறவைக்கும் தொட்டியையே வடிகட்டியாக்கி, அதில் பூவைப் பரப்பி, மேலே மால்ட் சாற்றை ஊற்றிச் சமாளிக்கிறவர்கள் உண்டு. வேலை முடிந்தபின், சாற்றை உறிஞ்சி உப்பிக் கிடக்கும் அந்தப் பச்சைச் சகதியை மண்வெட்டியால் அள்ளி வெளியே கொட்ட வேண்டும். அதோடு போகிற சாறும் நட்டக் கணக்கில்தான். கசப்பைத் தரும் அமிலம் இந்தப் பூவில் எத்தனை விழுக்காடு என்று சோதித்து அறிய நேரமும் இல்லை. அதனால் பெரும்பாலோர் அடிப்படைக் கசப்புக்கு உலர்ந்த ஹாப்ஸையே நம்பி, மணத்துக்கு மட்டும் பச்சைப் பூவைப் போடுகிறார்கள். ‘முழுக்கப் பச்சை’ என்று எழுதியிருக்கும் புட்டிகளைவிட, இதை வெளிப்படையாகச் சொல்லும் புட்டிகள்மீது எனக்கு மரியாதை அதிகம்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைக்கிற சுவை என்ன? பச்சைக் கறிவேப்பிலைக்கும் நிழலில் காயவைத்துச் சம்புடத்தில் போட்ட கறிவேப்பிலைக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்த நாக்குக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே இலைதான், ஆனால் ஒன்று மற்றொன்றாகாது. ஹாப்ஸ் எண்ணெய்களில் மிர்சீன் போன்றவை எளிதில் ஆவியாகிறவை. உலர்கூடத்தில் அவற்றில் ஒரு பங்கு போய்விடும். பச்சைப் பூவில் அவை இருப்பதோடு, புல்லை அறுக்கும்போது எழுகிற வாடைக்குக் காரணமான பொருள்களும் இருக்கும். நன்றாக அமைந்தால், மணம் கூர்மை மழுங்கி, மென்மையாக, வயல்வெளிக் காற்றுபோல வரும். அமையாவிட்டால் அவித்த கீரைத் தண்ணீர்தான். ஒவ்வோர் அக்டோபரிலும் இரண்டாம் வகைப் பீரும் கணிசமாக விற்பனைக்கு வருகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நல்லதும்கூட சில வாரங்களில் வாடும்.

இங்கே தொழில் தெரிந்தவர்கள் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று வலுவானது. ஐம்பத்தைந்து டிகிரி வெப்பத்துக்குப் பயந்து உலர்த்தாமல் கொண்டுவந்த பூவை, நூறு டிகிரியில் கொதிக்கும் கொப்பரையில் போட்டால் எந்த எண்ணெய் மிஞ்சும்? நியாயமான கேள்வி. தொடக்க கால முயற்சிகள் பலவும் இந்தக் குழியில் விழுந்தவைதாம். இன்று தேர்ந்தவர்கள் அடுப்பை அணைத்த பிறகு, சாறு சற்று ஆறியதும் போடுகிறார்கள். சிலர் புளிக்கும் தொட்டியிலேயே போடுகிறார்கள். அப்படியும் எல்லா மணமும் தங்குவதில்லை. உலர்ந்த ஹாப்ஸின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கவனமாக உலர்த்திய நல்ல பூ, எண்ணெயைச் செறிவாகப் பிடித்து வைத்திருக்கும். கடும் மணமுள்ள ஐபிஏ வேண்டுமென்றால் குளிகையை அடித்துக்கொள்ள முடியாது. ஆகவே பச்சை ஹாப்ஸ் பீர்தான் உயர்ந்தது என்று சுவையை வைத்து வாதாடுகிறவர் தோற்றுப்போவார். நான் அந்த வழக்குக்கு வரவில்லை. ஒரு பொருள் சிறந்ததாக இல்லாமலே தேவையானதாக இருக்க முடியும். பண்ணை சொல்லி ஆலை கேட்கிற பீர் என்று மிச்சமிருப்பது இது ஒன்றுதான்.

“எல்லாம் விற்பனைத் தந்திரம்” என்பது அடுத்த ஆட்சேபம். பருவத்தின் பெயரால் விற்கிற சரக்குகள் ஏராளம் என்பதால் இதையும் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் பூசணி பீரைப் பாருங்கள். பூசணிக் கூழ் டப்பாவில் ஆண்டு முழுக்கக் கிடைக்கிறது. எனவே, ‘இலையுதிர்கால பீர்’ என்ற பெயரில் அது ஆகஸ்ட் வெயிலிலேயே கடைக்கு வந்துவிடுகிறது. வயலில் பூசணி முற்றாமலே பூசணிப் பருவம் வருகிறது. மார்ச் மாதப் பீரும் இப்போது நிலவறையில் கிடந்து வருவதில்லை. அதற்கு மார்ச் தேவையே இல்லை. போட்டியாளரைவிட ஒரு வாரம் முன்னால் கடையில் நிற்க வேண்டும் என்ற அவசரம் பருவத்தை ஆண்டுக்காண்டு முன்னுக்கு இழுத்துக்கொண்டே போகிறது. பச்சை ஹாப்ஸ் பீரிடம் மட்டும் இந்தச் செப்படிவித்தை பலிக்காது. செப்டம்பரில் முற்றும் பூவை எந்த விற்பனை அதிகாரியாலும் ஜூலையில் பறிக்க முடியாது. யகிமாவில் 2003 முதல் அக்டோபர் தொடக்கத்தில் நடக்கும் பச்சை ஹாப்ஸ் ஏல் விழாவில், பறித்த 24 மணி நேரத்துக்குள் காய்ச்சிய பீருக்குத்தான் இடம். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் இதைவிடக் கெடுபிடி: 12 மணி நேரம். விளம்பரத்துக்காகத்தான் விதி என்றே வைத்துக்கொண்டாலும், கையைக் கட்டிப்போடுகிற விதியை ஒருவர் தானாக முன்வந்து ஏற்பதை வெறும் தந்திரம் என்று ஒதுக்குவது கடினம்.

கென்ட்டைக் குறிப்பிட்டதும் இன்னொரு கேள்வி வந்துவிடுகிறது: இதனால் விவசாயிக்கு என்ன லாபம்? இங்கிலாந்தின் ஹாப்ஸ் பரப்பு 1878ல் 70,000 ஏக்கரைத் தாண்டி உச்சம் தொட்டது. இன்று 2,500 ஏக்கரும் இல்லை. ஒரு காலத்தில் செப்டம்பர் வந்தால் கிழக்கு லண்டன் ஏழைக் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு கென்ட்டுக்கு ஹாப்ஸ் பறிக்கப் போகும். தகரக் கொட்டகையில் தங்கல், கூடைக் கணக்கில் கூலி. அவர்களுக்கு ஆண்டில் கிடைத்த ஒரே வெளியூர்ப் பயணம் அதுதான். 1931ல் ஜார்ஜ் ஆர்வெல் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து பறித்து, கொடியின் முள்சுணை கையைக் கிழிப்பதையும் கூலியின் அற்பத்தையும் எழுதினார். பறிக்கும் இயந்திரம் வந்து அந்தக் கூட்டம் நின்றது. நோய், வெளிநாட்டு ஹாப்ஸ், கசப்புக் குறைந்த லாகர் பீரின் பரவல் எல்லாம் சேர்ந்து தோட்டங்கள் சுருங்கின. கூம்புக் கூரை போட்ட பழைய உலர்கூடங்கள் பலவும் இன்று வசதியானவர்களின் வீடுகள். கென்ட்டின் ஆலைகள் செப்டம்பர் கடைசியில் இரண்டு வாரம் கூட்டாகக் கொண்டாடும் பச்சை ஹாப்ஸ் பருவம், போன ஏக்கர்களைத் திரும்பக் கொண்டுவந்துவிடாது. ஆனால் பத்து மைல் தள்ளியிருக்கும் தோட்டத்துக்காரருக்கு, உள்ளூர் ஆலையிடம் நேரே விற்கிற ஒரு வாய்ப்பைத் தருகிறது. தொலைதூரத்து மலிவு ஹாப்ஸால் இந்த இடத்தில் மட்டும் அவரோடு போட்டி போட முடியாது. தூரம்தான் அவருடைய ஒரே பாதுகாப்பு.

யகிமாவின் நிலைமை வேறு. அங்கே சிறு தோட்டம் என்ற பேச்சே கிடையாது. கஸ்கேட் மலைத்தொடரின் மழை மறைவில், ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் வறண்ட மண். பனி உருகி வரும் ஆற்றுநீர்தான் பாசனம். வயல்களில் ஒரு பகுதி யாக்கமா பழங்குடி ஒதுக்கீட்டு நிலத்துக்குள் இருக்கிறது. ஒரு காலத்தில் பறித்தவர்களில் பழங்குடியினர் பலர். இன்று வயலிலும் கொட்டகையிலும் உழைப்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். அதிகம் தேடப்படும் சிட்ரா, மொசைக் போன்ற ரகங்கள் தனியார் உரிமை; அனுமதி வாங்காமல் நட முடியாது. ஐபிஏ மோகத்தில் வடமேற்கு மாநிலங்களின் ஹாப்ஸ் பரப்பு 2021ல் 60,000 ஏக்கரைத் தாண்டியது. கிடங்கில் சரக்குத் தேங்கியதும் 2024ல் 45,000 ஏக்கர் அளவுக்கு இறங்கிவிட்டது. இந்தப் பெரிய கணக்கில் பச்சை ஹாப்ஸ் ஒரு தூசு. என்றாலும், 1930களிலிருந்து ஹாப்ஸ் பயிரிடும் குடும்பம் ஒன்று 2013ல் தன் வயலின் நடுவிலேயே ‘பேல் பிரேக்கர்’ என்ற ஆலையைத் திறந்தது. பொதியாகக் கட்டி அனுப்பியபின் எங்கே போகிறது என்று தெரியாமல் இருந்த பூ, கண்ணெதிரே கோப்பையாக மாறுகிற இடம் அது. லாபக் கணக்கில் சிறிது. ஆனால் தோட்டத்தின் பெயர் குடிப்பவரின் காதுக்கு எட்டுவது இந்த வழியில்தான்.

நமக்கும் அந்த வயலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. வசந்தத்தில் ஹாப்ஸ் கொடி ஏறுவதற்காகப் பந்தலில் கட்டும் கயிறு பெரும்பாலும் தேங்காய் நார்க் கயிறு. யகிமாவுக்கு அது முக்கியமாக இலங்கையிலிருந்து கப்பலேறுகிறது. ஏக்கருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கயிறுகளை ஆண்டுதோறும் புதிதாகக் கட்ட வேண்டும். அறுவடையில் கொடியோடு கயிறும் அறுபட்டு, உருவிய சக்கையோடு மட்கி உரமாகும். பிளாஸ்டிக் கயிறு மட்காது, இயந்திரத்திலும் சிக்கும். வறண்ட வாஷிங்டன் மண்ணில் பூக்கும் கொடியைத் தாங்கி நிற்பது நம் பக்கத்துக் கடலோரத் தென்னை. இந்தச் செய்தி எந்தப் பீர்ப் புட்டியிலும் அச்சாவதில்லை.

பச்சைப் பூவை ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டிகளால் சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று சொல்பவர்களோடு எனக்குப் பெருமளவு உடன்பாடே. முக்கால் பங்கு தண்ணீரைச் சுமந்துகொண்டு, 900 கிலோமீட்டர் குளிர்சாதன லாரி ஓடுவதை நியாயப்படுத்துவது எளிதல்ல. விமானத்தில் ஏற்றுவது அபத்தம். உலர்கூடத்தின் எரிபொருள் மிச்சம் என்று பதில் சொன்னால் கணக்கு உதைக்கும். இதற்குச் சரியான பதில், வயலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் காய்ச்சட்டும், தூரத்தில் இருப்பவர்கள் ஆசைப்படாமல் இருக்கட்டும் என்பதே. சியரா நெவாடாவின் முதல் லாரியைக்கூட நான் முன்னோடி முயற்சி என்று மதிக்கிறேனே தவிர, எல்லாரும் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி என்று அல்ல. லாரியைவிட, பூவை உறையவைக்கும் முறை கொஞ்சம் சிக்கலான விஷயம். ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தின் ‘பிரேக்சைட்’ ஆலை, பறித்த பூவைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து நொறுக்கிப் போடும் முறையைக் கையாள்கிறது. பூவின் செதில் உடைந்து பிசின் முழுதாக வெளிப்படுவதால் மணம் கூடுகிறது. அறுவடை நாட்களுக்குள் இதைச் செய்கிறவரை மறுப்பதற்கில்லை; நெருக்கடியைக் கையாளும் கெட்டிக்காரத்தனம் அது. உறைந்த பூவைக் கிடங்கில் வைத்துப் பிப்ரவரியில் காய்ச்சி, அதே பெயரில் விற்கத் தொடங்கினால், உலர்கூடம் செய்த வேலையைக் குளிர்பெட்டி செய்கிறது என்றுதான் பொருள். பீர் நன்றாகவே இருக்கலாம். பெயர் மட்டும் பொய்.

நாட்காட்டியே இடம் மாறுகிறது என்பது இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல். ஐரோப்பாவின் ஹாப்ஸ் வட்டாரங்களை ஆராய்ந்து, 2023ல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ ஆய்விதழில் வந்த கட்டுரை, 1994க்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் பூ முற்றுவது சுமார் இருபது நாள் முந்திவிட்டது என்கிறது. 2050க்குள் விளைச்சல் 4 முதல் 18 விழுக்காடும், கசப்பு அமிலம் 20 முதல் 31 விழுக்காடும் குறையலாம் என்பது அதன் மதிப்பீடு. கிடங்குச் சரக்கை நம்பும் பெரிய ஆலை இந்த மாற்றத்தை உணரவே பல ஆண்டாகும். கசப்பு குறைந்தால் குளிகையைக் கூட்டிப்போட்டுச் சரிக்கட்டிவிடும், குடிப்பவருக்குத் தெரியவராது. பச்சை ஹாப்ஸுக்கு அப்படி மறைப்பு இல்லை. வண்டி கொண்டுவரச் சொல்லும் அழைப்பு செப்டம்பர் நடுவிலிருந்து ஆகஸ்டுக்கு நகர்ந்தால் ஆலைக்காரருக்கு அந்த ஆண்டே தெரிந்துவிடும். இந்தப் பீரைக் காய்ச்சுகிறவர்கள், விரும்பியோ விரும்பாமலோ, வானிலைப் பதிவேடு ஒன்றையும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

குடி எத்தனையோ வீடுகளைக் குலைத்த நம் தமிழ்நாட்டில், மதுவின் மணத்தைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதே ஆடம்பரம் அல்லவா என்று வாசகர் கேட்கலாம். இந்தப் பீரிலும் சாராயம் உண்டு. பச்சைப் பூ சேர்ந்ததால் அது சாதுவாகிவிடாது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கம்பி வலைக்குப் பின்னால் நீட்டப்படும் புட்டியில் விலையையும் வீரியத்தையும் தவிர வேறெதையும் கேட்கக் கற்றுக்கொள்ளாத சந்தைக்கு, பூ எங்கே விளைந்தது, எப்போது பறித்தது என்ற கேள்விகளே அந்நியம். இந்தியாவிலும் ஹிமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் விவசாயிகள் ஹாப்ஸ் பயிரிட்டுப் பார்த்தார்கள். இறக்குமதிக் குளிகையோடு விலையில் மோத முடியாமல் அந்தப் பயிர் ஒடுங்கிப்போனது. எங்கே விளைந்தது என்று யாரும் கேட்காத இடத்தில் விளைவித்தவர் தோற்பது இயல்புதான்.

ஆகவே, ஆலைக்காரர்களிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. ரகத்தின் பெயர், தோட்டத்தின் பெயர், பறித்த நாள், காய்ச்சிய நாள் ஆகிய நான்கையும் புட்டியில் அச்சிடட்டும். எத்தனை பங்கு பச்சை, எத்தனை பங்கு உலர்ந்தது என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது. அமெரிக்காவில் ‘புதிய ஹாப்ஸ்’ என்ற ஒரே பெயரை உலர்த்தாத பூவுக்கும், அந்த ஆண்டு உலர்த்திய முதல் பொதிக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். தேதி இருந்தால் அந்தக் குழப்பம் தானே தீரும். அக்டோபருக்குப் பிறகு அடுத்த அறுவடைவரை காத்திருக்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. பூமியின் தென்பாதியில் நியூசிலாந்தின் நெல்சன் வட்டாரத்தில் ஹாப்ஸ் அறுவடை மார்ச்சில். அங்குள்ள ஆலைகள் பச்சைப் பூவில் காய்ச்சும் பீர், வடக்கே வசந்தம் தொடங்கும் நாட்களில் பீப்பாயிலிருந்து இறங்கும். ஏப்ரலில் அதைக் குடித்தே தீர வேண்டும் என்பவர் நெல்சனுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.